பழைய கணினிக்கு எந்த இயங்குதளம்? டெல்டாவின் வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஓர் ஒப்பீடு

2025 தீபாவளிக்கு ஆறு நாள் முன்பு, அக்டோபர் 14-ஆம் தேதி, விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அந்த வாரம் கும்பகோணத்தில் உள்ள என் பழுதுபார்க்கும் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "தம்பி, இந்தப் பெட்டி இனிமேல் ஓடாதா?"

ஓடும். அதில் யாருக்கும் ஐயம் வேண்டாம். ஆனால் வரப்பில் எலி வளை விழுந்தால் அடைக்க இனி ஆள் வரமாட்டார்கள். வயல் அன்றைக்கே வற்றிவிடாது. எந்த இரவில் தண்ணீர் வெளியே போகும் என்பதும் தெரியாது. வங்கிக் கணக்கு, பட்டா நகல், பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் இருக்கும் கணினியை அப்படி விட்டுவைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதனால்தான் இந்த ஒப்பீடு. விண்டோஸ் 11, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ், கூகுளின் குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ், ஆப்பிளின் மேக் என்று நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கும் எல்லோருக்கும் சம அளவில் பயன்படுபவை அல்ல.

எது சிறந்தது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் கணினியில் என்னென்ன செருகியிருக்கிறது? பிரிண்டர் என்ன, கைரேகைக் கருவி இருக்கிறதா, கணக்கு எதில் எழுதுகிறீர்கள்? இந்தக் கேள்வியை நான் கற்றுக்கொண்டது ஒரு தவற்றிலிருந்து. 2020 ஜனவரி 14, பொங்கலை ஒட்டி, விண்டோஸ் 7-க்கு ஆதரவு முடிந்தது. பாபநாசம் பக்கத்தில் ஒரு விதைக் கடைக்காரர் தன் கணினியைக் கொண்டுவந்தார். பழைய பெட்டி, ஆனால் நல்ல பெட்டி. லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மிண்ட் ஏற்றிக் கொடுத்தேன். வேகமாகத் திறந்தது, அவருக்கும் மகிழ்ச்சி. மறுநாள் காலை கடையில் உளுந்து விதை வாங்கக் கூட்டம். சம்பா அறுவடைக்கு முன் ஈரம் இருக்கும்போதே விதைத்துவிட வேண்டும் என்று அவசரத்தில் நிற்பவர்கள். கணக்கு மென்பொருள் திறக்கவில்லை. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் பில்லின் மொத்தத் தொகையை அடுத்த தாளில் அடித்தது. அவர் என்னைத் திட்டவில்லை. கார்பன் தாள் வைத்துக் கையால் பில் எழுதிக்கொண்டிருந்தார். அன்று இரவே விண்டோஸைத் திரும்ப ஏற்றிக் கொடுத்தேன். பிழை லினக்ஸுடையது அல்ல, என்னுடையது. நான் கேட்டிருக்க வேண்டும்.

விண்டோஸ் தவிர்க்க முடியாத இடங்கள்

டேலியில் கணக்கு எழுதும் கடை, அரிசி ஆலை, ஆடிட்டர் அலுவலகம் ஆகியவை விண்டோஸிலேயே இருக்கட்டும். டேலிபிரைம் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் வழியாக அதை ஓட்டிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வருடக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் அந்தச் சோதனையை யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். ஆதார் கைரேகைக் கருவி வைத்துப் பணம் எடுத்துக் கொடுக்கும் சேவை மையங்களும் அப்படியே. கருவியைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருள் முதலில் வருவதும், சிக்கல் வந்தால் தொலைபேசியில் வழி சொல்லப்படுவதும் விண்டோஸுக்குத்தான்.

கும்பகோணத்தின் பத்திரிகை அச்சகங்கள் தனி உலகம். கல்யாணப் பத்திரிகையும் கும்பாபிஷேக அழைப்பிதழும் இன்னும் பேஜ்மேக்கரில் வடிவமைக்கப்படுவதை இங்கே பார்க்கலாம். அந்த மென்பொருளின் கடைசிப் பெரிய பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அதில் ஆயிரக்கணக்கான பழைய கோப்புகள், அதற்கென்றே வாங்கிய தமிழ் எழுத்துருக்கள், அதிலேயே பழகிய கைகள். இவர்களிடம் போய் மாறுங்கள் என்பது தறியை மாற்றாமல் நெசவை மாற்று என்பதைப் போன்றது. ஒன்று மட்டும் சொல்வேன்: அந்தக் கணினியில் இணையத்தைத் துண்டித்துவிட்டு, மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் வேறொன்றை வையுங்கள்.

சரி, விண்டோஸ் 11-க்குப் போக முடியுமா? செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியின் கடைசியில் அபௌட் என்பதைத் திறந்து பிராசஸர் வரியைப் படியுங்கள். ஐ5-4460 என்று இருந்தால் கோட்டுக்குப் பின் வரும் முதல் எண் 4. அது நான்காம் தலைமுறை, 2014 வாக்கில் வந்தது. விண்டோஸ் 11 இன்டெலில் கேட்பது எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிறகும். 8400 தேறும், 7400 தேறாது. எண் ஐந்து இலக்கமாக, 10100 என்பதுபோல இருந்தால் முதல் இரண்டைச் சேர்த்துப் படிக்க வேண்டும். லேப்டாப்புகளில் 1035, 1135 என்று நான்கு இலக்கமாக வருபவையும் பத்தாம், பதினொன்றாம் தலைமுறைதான். அவற்றை முதல் தலைமுறை என்று நினைத்துக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டு வந்தவரை எனக்குத் தெரியும். ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்து பெரும்பாலும் தேறும்.

பிராசஸர் சில்லு தேறியும் கணினி தகுதியற்றது என்று செய்தி வந்தால் பதற வேண்டாம். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு பல மதர்போர்டுகளில் உள்ளேயே இருக்கிறது, கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் அணைத்துவைக்கப்பட்டிருக்கும். இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி இயக்கினால் போதும். இதற்கே புதிய கணினி வாங்கியவர்கள் உண்டு. அந்தப் பணத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்.

தகுதி இல்லாத கணினியிலும் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றலாம். செய்து கொடுக்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அப்படி ஏற்றியதற்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. 2024-இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து கோர் 2 டுவோ போன்ற மிகப் பழைய சில்லுகளில் அது தொடங்கவே செய்யாது. பாதுகாப்புக்காக மாறுகிறோம் என்று தொடங்கி, உத்தரவாதமே இல்லாத இடத்தில் போய் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

உடனே முடிவெடுக்க முடியாத கடைக்காரர்களுக்கு ஒரு தவணை இருக்கிறது. தனிப்பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை விண்டோஸ் 10-க்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கில் கணினியின் அமைப்புகளைச் சேமிக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை; வேண்டாம் என்றால் 30 டாலர். இதைத் தவணை என்றே பாருங்கள், தீர்வு என்று பார்க்காதீர்கள்.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் ஓடும் விண்டோஸில் எவ்வளவு உரிமம் உள்ளது என்பது என் போன்றவர்களுக்குத் தெரியும். உரிமப் பூட்டை உடைக்கும் சிறு மென்பொருள், தன்னை ஓட்டுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். வீட்டுக்கு வருகிறவர், முதலில் நாயைக் கட்டிப்போடுங்கள் என்று சொன்னால் சற்று யோசிப்போம் அல்லவா? அப்படி ஏற்றிய ஒரு கணினியில் ஓர் ஏஜென்சியின் மூன்று வருடக் கணக்கும் பூட்டப்பட்டு, பணம் கேட்கும் செய்தி திரையில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். மீட்க முடியவில்லை. விண்டோஸுடன் வந்த பெரும்பாலான லேப்டாப்புகளில் உரிமம் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும்; அதே பதிப்பை அதிகாரப்பூர்வக் கோப்பிலிருந்து ஏற்றி இணையத்தில் இணைத்தால் தானே செயல்படத் தொடங்கும். அதற்கும் உடைத்த மென்பொருளை ஏற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கோபுர முத்திரை போட்ட லேப்டாப்

2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கு மேல் கொடுக்கப்பட்டன. டெல்டாவில் அவற்றில் ஒன்று பரண் மேல் இல்லாத தெருவைக் காண்பது கடினம். விண்டோஸுடன் பாஸ் (BOSS) என்ற லினக்ஸும் அவற்றில் வந்தது. டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய இந்திய இயங்குதளம் அது. முதல் பதிப்பு 2007-இல் வெளியானது. என் கைக்கு வந்த மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் பாஸை அழித்திருந்தார்கள். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு வகுப்பு எடுத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

திருபுவனத்தில் பட்டு நெய்யும் ஒரு குடும்பத்திலிருந்து அப்படி ஒரு மடிக்கணினி வந்தது. பிளஸ் டூவில் அதை வாங்கிய பெண் இப்போது சென்னையில் வேலையில் இருக்கிறார். அப்பா சேலை டிசைன் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கவும், வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்களைப் படிக்கவும் அதைப் பயன்படுத்துகிறார். மூடியைத் திறந்தால் கீல் முனகியது. பொத்தானை அழுத்திவிட்டு டீக்கடைக்குப் போய் வந்தேன். திரும்பி வந்தபோதும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அடியில் திருகுகளைக் கழற்றினேன். விசிறியில் தூசியோடு பட்டு இழைகள் சுற்றியிருந்தன. அரக்கு நிறம், நடுவே சரிகை ஒரு கீற்று. சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்தேன். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்றை, 240 ஜிபி, போட்டேன். 2 ஜிபி ரேமுடன் பழைய 4 ஜிபி ஒன்றைச் சேர்த்தேன். பிறகு லினக்ஸ் மிண்டின் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஏற்றினேன். முப்பது விநாடிக்குள் திரை வந்துவிட்டது. அவர் படத்தைத் திறந்து முந்தியின் புட்டாக்களை எண்ணத் தொடங்கினார். கணினி வேகமாகிவிட்டது என்றுகூடச் சொல்லவில்லை. எண்ணுவதில்தான் கவனம்.

இந்த மாற்றத்தில் பெரும்பங்கு எஸ்எஸ்டியுடையது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதே எஸ்எஸ்டி விண்டோஸையும் வேகப்படுத்தியிருக்கும். ஆனால் அந்தச் சில்லுக்கு விண்டோஸ் 11 கிடையாது. மிண்ட் 22-க்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. அங்கேதான் லினக்ஸ் ஜெயிக்கிறது.

மிண்டா, உபுண்டுவா என்று கேட்பார்கள். இரண்டும் லினக்ஸ் வகைகள்தான். உபுண்டு 2004-இலும் மிண்ட் 2006-இலும் தொடங்கின. உபுண்டுவின் மேல்தான் மிண்ட் கட்டப்படுகிறது. கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று விண்டோஸில் பழகியவருக்கு மிண்ட் கைக்கு அடங்கும். முதன்முறை மாறுகிறவருக்கு நான் மிண்ட்தான் ஏற்றுகிறேன். 4 ஜிபி ரேம் இருந்தால் நல்லது. 2 ஜிபியில் ஓடும் என்றாலும் பிரவுசரில் நான்கு பக்கம் திறந்தால் மூச்சு வாங்கும்.

வீட்டில் என்ன செய்கிறோம்? பட்டா, சிட்டா எடுக்கிறோம். மின்கட்டணம் கட்டுகிறோம். தேர்வுக்கு விண்ணப்பிக்கிறோம், யூடியூப் பார்க்கிறோம். இவை எல்லாம் பிரவுசருக்குள் நடப்பவை. கீழே இருப்பது விண்டோஸா லினக்ஸா என்பது பெரும்பாலும் தளத்துக்குத் தெரிய வேண்டியதே இல்லை. ஜிஎஸ்டி தளமும் பிரவுசரில் திறக்கும். தனிநபர் பெயரில் உள்ள சிறு வணிகர் ஓடிபி வழியாகவே கணக்கைத் தாக்கல் செய்துவிடலாம். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் கட்டாயமாக உள்ள நிறுவனங்கள் மட்டும் அந்த டோக்கன் லினக்ஸில் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டே மாற வேண்டும். பென்டிரைவில் ஃபோல்டரை எல்லாம் ஷார்ட்கட்டாக மாற்றும் வைரஸ் ஜெராக்ஸ் கடைக்குக் கடை உலவுகிறது. விண்டோஸுக்காக எழுதப்பட்ட அது மிண்டில் ஒன்றும் செய்ய முடியாமல் கிடக்கும்.

மின்வாரியம் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளில் இன்னொரு வேறுபாடு தெரியும். பேட்டரி செத்த லேப்டாப்பை நேரடியாக மின்சாரத்தில் ஓட்டுபவர்கள் இங்கே ஏராளம். காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் போகப்போகிறது, எட்டேமுக்காலுக்கு விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கினால் வயிற்றில் புளியைக் கரைக்கும். மிண்ட் புதிய திருத்தங்கள் வந்திருப்பதாகத் தெரிவிக்கும். நீங்கள் சொல்லும் வரை காத்திருக்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் நாளுக்கு இவ்வளவு ஜிபி என்று அளந்து செலவழிக்கும் வீடுகளுக்கும் இது பெரிய உதவி. விண்டோஸிலேயே இருப்பவர்கள் தங்கள் வைஃபை இணைப்பை மீட்டர்டு, அதாவது அளவோடு செலவழிக்க வேண்டியது, என்று குறித்துவைத்தால் பெரிய இறக்கங்கள் ஓரளவு அடங்கும்.

லினக்ஸ் எங்கே கைவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எச்பி பிரிண்டர்களுக்குப் பெரும்பாலும் ஆதரவு உண்டு. தாளை வடிவமைக்கும் வேலையைக் கணினியின் மேல் போட்டுவிடும் சில சிறிய லேசர் பிரிண்டர்கள் உயிரை வாங்கும். வேர்டு கோப்புகளை லிப்ரேஆஃபீஸ் திறக்கும்; ஆனால் நிர்மலா எழுத்துருவில் பத்துப் பக்கமாக அடித்தது, அந்த எழுத்துரு இங்கே இல்லாததால் பதினொன்றாகலாம். அலுவலகத்துக்கு அனுப்பும் கடிதத்தைப் பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்புங்கள்.

தமிழ் தட்டச்சு

இதை ஒரு தனிக் கேள்வியாகவே நான் எடுத்துக்கொள்வேன். தமிழ்99 விசைப்பலகை 1999-இல் அரசின் தரமாக ஏற்கப்பட்டது. இன்று விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அது கிடைக்கிறது. மேக்கில், ஆங்கில எழுத்துகளின் ஒலியைக் கொண்டு தமிழ் அடிக்கும் 'அஞ்சல்' முறையும் கூடவே வருகிறது. ஆனால் எங்கள் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் ஹையர் முடித்தவர்களின் விரல்களுக்கு அது அன்னியம். அவர்களுக்கு லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாகப் பழைய தட்டச்சு அமைப்பைச் சேர்த்துக் கொடுக்கலாம். விண்டோஸில் என்எச்எம் ரைட்டர், அழகி, எ-கலப்பை என்ற தமிழ் தட்டச்சு மென்பொருள்களில் பழகியவர்கள் அதே மென்பொருளை லினக்ஸில் தேடக் கூடாது. அதே விசை அமைப்பைத் தேட வேண்டும்.

உண்மையான சிக்கல், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு அல்லாத பழைய கோப்புகளில் இருக்கிறது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தலபுராணம், சங்கக் கணக்கு, குடும்ப வரலாறு எல்லாம் எழுத்துருக் கோப்பையும் கையோடு கொண்டுபோனால் லினக்ஸிலும் தெரியும். எழுத்துரு தொலைந்தால் திரையில் நிற்பது பொருளற்ற ஆங்கில எழுத்துகள். இயங்குதளம் மாற்றும் முன் எழுத்துரு ஃபோல்டரை முழுதாக நகல் எடுங்கள். நேரம் கிடைக்கும்போது அந்தக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுங்கள். ஒரு பெரியவர் இருபது வருடம் சேர்த்த தேவாரக் குறிப்புகளை இப்படி மாற்ற எனக்கு இரண்டு வாரம் ஆனது. அந்த வேலைக்கு நான் கூலி வாங்கவில்லை.

மற்ற இரண்டும்

குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸைக் கூகுள் 2022-இல் பழைய கணினிகளுக்காக இலவசமாக வெளியிட்டது. 4 ஜிபி ரேம் போதும், ஏற்றுவது எளிது, கெடுவது அரிது. பிரவுசர் மட்டுமே வேண்டும் என்பவருக்கு நல்லது. ஆண்ட்ராய்டு செயலிகள் அதில் ஓடாது. இதை அறியாமல் ஏற்றிவிட்டு ஏமாந்தவர்கள் உண்டு. இணையம் இல்லாத நேரத்தில் அது பாதிக் கணினி. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்த பிறகு வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் மின்சாரமும் செல்போன் கோபுரமும் எத்தனை நாள் இல்லாமல் இருந்தன என்பதை நாம் மறக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கம்பி அறுவது இங்கே வழக்கம். அதனால் வீட்டின் ஒரே கணினிக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

மேக் என்பது இயங்குதளத்தை மட்டும் அல்ல, பெட்டியையும் சேர்த்து வாங்குவது. 2024-இல் வந்த எம்4 மேக் மினி 16 ஜிபி ரேமுடன் ரூ.59,900-க்கு அறிமுகமானது, திரையும் விசைப்பலகையும் தனி. படம், இசை, வீடியோ தொகுப்பு என்று வேலை செய்பவருக்குப் பல வருடம் உழைக்கும். ரேமைப் பிறகு கூட்ட முடியாது, டேலி நேரடியாக ஓடாது, பழுதானால் நம் தெருவில் திறந்து பார்க்க ஆள் இல்லை. இன்டெல் சில்லு உள்ள பழைய மேக்புக்குகள் இப்போது மலிவாக விற்கப்படுகின்றன, வாங்காதீர்கள். 2025-இல் வந்த மேக்ஓஎஸ் 26 டஹோதான் இன்டெல் கணினிகளுக்கான கடைசிப் பதிப்பு.

அதேபோல, சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவிலிருந்து புதியது என்று வரும் எச்61 மதர்போர்டு டெஸ்க்டாப்புகளையும் கவனியுங்கள். பளபளக்கும் பெட்டிக்குள் இரண்டாம், மூன்றாம் தலைமுறைச் சில்லு இருக்கும். மிண்டுக்கு என்றால் விலை பேசி வாங்கலாம். விண்டோஸ் 11 என்று சொல்லி விற்றால் திரும்பி நடங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு நாள்

மிண்டை நிறுவாமலே பார்க்கலாம். 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். நிறுவும் பொத்தானைத் தொடாத வரை உள்ளே இருக்கும் விண்டோஸ் அப்படியே இருக்கும். அந்த நிலையிலேயே வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா என்று பாருங்கள். உங்கள் பிரிண்டரில் ஒரு தாள் அடியுங்கள். வீட்டில் அதிகம் பயன்படுத்துகிறவர் யாரோ அவரை உட்காரவைத்து ஒரு பட்டா நகல் எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்காதீர்கள். எங்கே தடுமாறுகிறார் என்பதைப் பார்த்தால் போதும். மகன் பெங்களூரிலிருந்து மிண்ட் ஏற்று என்று சொல்லி, அம்மா தினமும் தவிக்கும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். அம்மாவே ஆறு மாதத்தில் பக்கத்து வீட்டுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குத் தேறிய வீடுகளும் உண்டு.

எஸ்எஸ்டி புதிதாகப் போடுகிறீர்கள் என்றால் பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்காதீர்கள். ஒரு காகித உறையில் போட்டு, மேலே தேதியும் விண்டோஸ் கடவுச்சொல்லும் எழுதி, பீரோவில் பத்திரமாக மூன்று மாதம் வையுங்கள். பேத்தியின் காதுகுத்துப் படங்கள் எங்கே என்று யாராவது கேட்பார்கள். அவை டெஸ்க்டாப்பில் 'நியூ ஃபோல்டர் 2' என்ற பெயரில் அந்த டிஸ்க்கில்தான் இருக்கும்.